‘எல்லாம் போச்சு’ என்று சொல்வதற்கு முன்

கார்த்திகை மழை விட்டு, தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் வரப்பில் நின்று பார்த்தால் சம்பா நெல் வயல் முழுக்க ஒரே நிறம்தான். சேறு படிந்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். அழுகல் வாடை மூக்கில் ஏறும். அந்த நேரத்தில் வாயில் வருவது ‘எல்லாம் போச்சு’. தலைஞாயிறு, கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத கார்த்திகை குறைவு.

இதில் ‘போச்சு’ என்பது உண்மை. ‘எல்லாம்’ என்பதுதான் ஆபத்து. எவ்வளவு போனது, எங்கே போனது, எதனால் போனது என்று பிரிக்காமல் விட்டால் அடுத்த வருஷமும் அதே மூலையில் அதே அளவு போகும். காவிரி டெல்டாவில் திரும்பத் திரும்ப நட்டப்பட்டும் நிலைத்து நிற்கிற குடும்பங்களைப் பார்த்தால், அவர்களுக்கு அதிர்ஷ்டம் கூடுதல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நட்டத்தைக் கூறு போடத் தெரிந்தவர்கள் அவர்கள்.

முதல் வேலை, பயிர் செத்துவிட்டதா என்று பார்ப்பது. வரப்பில் நின்று இதைச் சொல்லவே முடியாது. வயலில் இறங்கி, நான்கு மூலையிலும் நடுவிலும் இடத்துக்கு ஒரு குத்தாக (ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கிற நாற்றுக் கொத்து) ஐந்து குத்து பிடுங்குங்கள். வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசி, தண்டின் அடியில், வேருக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் குருத்து உயிரோடு இருக்கிறது. மேலே இலை எல்லாம் கொழகொழவென்று போயிருந்தாலும் சரி, அது பிழைக்கும். பழுப்பேறி, பிசுபிசுத்து, நகத்தில் வாடை ஒட்டினால் அந்தக் குத்து போனது. ஐந்தில் மூன்று வெள்ளையாக இருந்தாலே அந்த வயலை உழுது கவிழ்க்க அவசரப்படக் கூடாது. வடிந்து ஐந்து முதல் ஏழு நாளில் புது வெள்ளை வேரும், நடுவில் ஊசிபோல ஒரு பச்சைக் குருத்தும் வரும். அதைப் பார்க்கிற வரைக்கும் முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

இந்த ஒரு வாரத்தில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன. பயிர் வெளுத்துக் கிடக்கிறதே என்று நிற்கிற தண்ணீரிலேயே யூரியாவைக் கொண்டுபோய் வீசுவது முதல் தப்பு. வேர் மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது, அதால் எதையும் எடுக்க முடியாது. போட்டது வடிகாலோடு போகும். கொஞ்சம் மிஞ்சினாலும் ஈரக் காற்றில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு அது விருந்து. முதலில் வடிகாலைத் திறக்க வேண்டும். வடிகாலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் நம் வயல் மடையை மட்டும் வெட்டி ஒரு பயனும் இல்லை. கீழே உள்ள நாலு பங்காளிகளையும் கூட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

புதுக் குருத்து தெரிந்தபின் வேளாண் துறை வழக்கமாகச் சொல்கிற கலவை போதும். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீச வேண்டும். வயலில் தண்ணீர் சுண்டி, சேறு தெரிகிற பதத்தில் போடுங்கள். இலை மஞ்சளித்து, துருப் புள்ளி தெரிந்தால் அது துத்தநாகக் குறை. ஒரு கிலோ சிங்க் சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஏக்கருக்குத் தெளிக்கலாம். தூர் (அடியிலிருந்து வரும் பக்கக் கிளை) கட்டி முடித்து கதிர் உருவாகிற பருவமாக இருந்தால் 4 கிலோ டி.ஏ.பி உரத்தை முதல் நாளே 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 2 கிலோ யூரியா, 2 கிலோ பொட்டாஷ் கரைத்து, 200 லிட்டராக்கித் தெளிப்பது நல்லது. வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைக்கும், ஆள் கூலி வீணாகும்.

செத்த குத்துகள் திட்டுத் திட்டாக இருந்தால், தூர் கட்டுகிற பருவம் வரைக்கும் அதே வயலில் நன்றாகக் கிளைத்த குத்துகளைப் பிரித்து நடலாம். ஒரு குத்திலிருந்து வேரோடு நாலைந்து தூரை எடுத்துப் பயிர் இல்லாத பொக்கையில் வைப்பது. புது நாற்று விடத் தேவையில்லை, வயசும் ஒத்துப்போகும், ஒரே நாளில் அறுவடைக்கு வரும். நாலு பெண்கள் இருந்தால் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்துப் பொக்கையை அரை நாளில் அடைத்துவிடுவார்கள்.

இது வரைக்கும் பயிரைக் காப்பாற்றுவது. தோல்வியிலிருந்து கற்பது அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் பக்கம் அதிகம் விட்டுப்போவதும் அதுதான். மூட்டையை எண்ணுகிறோம், மழையைத் திட்டுகிறோம், தாளில் உளுந்து விதைக்கிறோம், மறந்துபோகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர், மத்திய கால ரகம், 60 கிலோ மூட்டையில் 35 எதிர்பார்த்த இடத்தில் 19 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 16 மூட்டை நட்டம். ‘மழை கெடுத்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். முடிக்காமல் பிரிப்போம். வடிகாலை ஒட்டிய 20 சென்ட் பள்ளம், அதில் ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. 100 சென்ட்டில் 20 என்றால் 35-ல் 7 மூட்டை. இது மழைக்குப் போனது, சரி. மிச்சம் 80 சென்ட்டில் 28 வந்திருக்க வேண்டும், வந்தது 19. இந்த 9 மூட்டை எங்கே?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கருவி உண்டு. நாலு மூங்கில் குச்சியை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிச் சதுரமாகக் கட்டுங்கள். நட்ட பதினைந்தாம் நாள், வயலில் ஐந்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டு உள்ளே எத்தனை குத்து என்று எண்ணுங்கள். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் 33 இருக்க வேண்டும். ஆட்கள் ஒப்பந்தத்துக்கு நட்ட வயலில் 22 இருப்பது அடிக்கடி காண்கிற காட்சி. மூன்றில் ஒரு பங்கு குத்து இல்லவே இல்லை. பயிர் கூடுதலாகத் தூர் விட்டுக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் தண்ணீரில் மூழ்கி எழுந்த பயிருக்கு அந்தத் தெம்பு இருக்காது. அந்த 9 மூட்டையில் பெரும்பங்கு மழைக்கு முன்னாலேயே, நடவன்றே போய்விட்டது.

ஏன் 22? நாற்று போதவில்லை, அதனால் எட்டி எட்டி வைத்தார்கள். நாற்று ஏன் போதவில்லை? எட்டு சென்ட் நாற்றங்காலில் ஒரு பக்கம் முளைக்கவே இல்லை. ஏன்? விதைத்த முதல் வாரத்தில் தண்ணீர் தேங்கியது. ஏன் தேங்கியது? தண்ணீர் கட்ட வசதி என்று வாய்க்காலுக்குப் பக்கத்தில், வயலிலேயே தாழ்ந்த இடத்தில் நாற்றங்கால் போட்டோம். நாலு ‘ஏன்’ கேட்டதும் கையில் ஒரு பதில் வந்துவிட்டது: நாற்றங்காலை மேட்டுப் பக்கம் மாற்று, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வடிகால் எடு. இதற்குச் செலவு அரை ஆள் கூலி. மழையை நிறுத்த யாராலும் முடியாது, நாற்றங்காலை நகர்த்த முடியும். நட்டத்தில் எது நம் கையில் இருந்தது என்று தெரிகிற அந்த நிமிஷம் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் கொஞ்சம் இறங்குவதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

ஒரு எச்சரிக்கை. பதில்கள் ஆறேழு கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். ரகத்தையும் மாற்றி, நடவு முறையையும் மாற்றி, உரக் கடையையும் மாற்றினால், அடுத்த தை மாதம் கூடியதும் குறைந்ததும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு போகத்துக்கு இரண்டு மாற்றம் போதும். அதிலும் புது ரகத்தை முதலில் ஒரு மா நிலத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு மூன்று மா. மூன்றில் ஒன்று தவறினால் குடும்பம் தாங்கும்.

ரகம் என்று வந்ததால், வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்குகிற சி.ஆர். 1009 சப் 1 என்கிற நெல் ரகம் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் மேலே எட்டிப் பார்க்கத் துடிக்கும். தண்டை நீட்டி நீட்டி, தன்னிடம் உள்ள மாவுச்சத்தை எல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் நீண்டு மெலிந்த தண்டு நிற்க முடியாமல் சாய்ந்து அழுகும். சப் 1 மரபணு உள்ள ரகம் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இருப்பை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். இரண்டு வாரம் வரை அப்படித் தாங்கி, தண்ணீர் வடிந்தபின் அந்த இருப்பில் புதுக் குருத்து விடும். இந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13 ஏ என்கிற வகையிலிருந்து வந்தது. இதிலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தத் தாங்கும் சக்தி தூர் கட்டும் பருவம் வரைக்கும்தான். பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ, நேரடி விதைப்பில் முளைக்கும்போது மூழ்கினாலோ சப் 1 என்ற பெயர் காப்பாற்றாது. 155 நாளுக்கு மேல் போகிற ரகம் என்பதால் விதைப்புத் தேதியும் முக்கியம்.

மனிதர்களும் நட்டத்தில் மூழ்கியதும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். ஒரு போகம் போனதும் அடுத்த போகத்திலேயே எல்லாவற்றையும் மீட்டுவிட வேண்டும் என்று பக்கத்து இரண்டு ஏக்கரையும் குத்தகைக்குப் பிடித்து, கந்துவட்டிக்கு வாங்கி, இரண்டு மடங்கு பயிர் வைக்கிறவர்கள் உண்டு. டெல்டாவில் நிலம் கைமாறிய கதைகளில் முதல் நட்டத்தால் மாறியது குறைவு, அந்த நட்டத்தை ஒரே தாவலில் ஈடுகட்டப் போனதால் மாறியது அதிகம். அந்த வருஷம் சாகுபடிப் பரப்பைக் கூட்டாதீர்கள். புதுக் கடனுக்கு முன் பழைய கடனின் வட்டியை மட்டுமாவது கட்டி, நகைக் கடனைத் தவணை தேதிக்கு முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் ஏலம், அபராதம் என்று கை மீறிப் போகும்.

இலக்கையும் இப்படியே நடத்த வேண்டும். தை அறுவடையில் நகையைத் திருப்புவது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஆழ்துளைக் கிணறு போடுவது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருக்கும். பயிர் போனதும் அதை அடியோடு கைவிடுவதும் தப்பு, அதே தேதிக்குள் முடிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் தப்பு. அதைத் துண்டாக்குங்கள். நாலு பவுன் திருப்ப வேண்டியிருந்தால் உளுந்து வருமானத்தில் ஒரு பவுன், குறுவையில் ஒன்று, அடுத்த சம்பாவில் இரண்டு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியும்படி எழுதுங்கள். ஒருவர் மட்டும் மனசுக்குள் வைத்துச் சுமக்கிற கணக்குதான் ஆளைத் தின்னும்.

உளுந்து சொன்னேன். சம்பா போன நிலத்தில் மறுபடி நெல் வைக்கலாமா என்ற கேள்வி வரும். வழக்கமாக மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடப்படும். டிசம்பர் தொடக்கத்தில் நாற்று விட்டு மாத முடிவில் நட்டால் 110 நாள் ரகம்கூட மார்ச் கடைசியில்தான் அறுவடை. பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீருக்குச் சொந்த ஆழ்துளைக் கிணறு இருந்தால் வையுங்கள், ஆற்றுத் தண்ணீரை நம்பி வைக்காதீர்கள். இல்லாதவர்கள் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஆடுதுறை 3 உளுந்து ஏக்கருக்கு 10 கிலோ விதைக்கலாம். எழுபது எழுபத்தைந்து நாளில் காசு. பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை இரண்டு சதவீத டி.ஏ.பி கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாக இருக்கும். சேறு காயாமல் அவசரப்பட்டு விதைத்தால் விதை அழுகும். வெடிப்பு விட்டபின் விதைத்தால் முளைக்காது. காலால் மிதித்தால் அடி லேசாகப் பதிய வேண்டும், சேறு ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

வெள்ளம் மட்டும் நட்டமில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் 2 வரை இழுத்தது. 2024-ல் ஜூலை 28. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல், 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் மழை. தண்ணீர் வராத நட்டம், தண்ணீர் வந்த நட்டம், காற்று அடித்த நட்டம், அறுக்கிற நேரத்து நட்டம் என்று நாலும் வேறு வேறு. அறுக்கிற நேரத்து நட்டத்துக்கு மருந்து தேதியைப் பரப்புவது. மூன்று ஏக்கர் இருந்தால் மூன்றிலும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு வேண்டாம், பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஈரவயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு ஊரே வரிசையில் நிற்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்து, வண்டிக்கும் சொல்லி வைத்துவிட வேண்டும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. சம்பாவுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15-ஐ ஒட்டி வரும். அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக நகல், ஆதார் நான்கையும் ஐப்பசி பிறப்பதற்குள் தயாராக வையுங்கள். இழப்பீடு பெரும்பாலும் கிராம அளவில் செய்கிற அறுவடைப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் வயல் முழுக்கப் போயிருந்தாலும் ஊரின் சராசரி நன்றாக இருந்தால் பணம் வராமல் போகலாம். அதனால் இதை இலக்குக் கணக்கில் வரவாக எழுதவே கூடாது. வந்தால் கடனுக்கு. அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் பதிவாக வேண்டும். கணக்கெடுக்க வருகிறவர்கள் வரும் நாளில் வயலில் இருங்கள், தேதி தெரிகிற புகைப்படம் எடுத்து வையுங்கள்.

நட்டம் நடந்த முதல் பத்து நாள்தான் மனசுக்குக் கடினம். இதை வெட்கப்படாமல் பேச வேண்டும். ஆண்கள் வீட்டுக்குள் பேச்சைக் குறைத்து, வரப்பிலேயே உட்கார்ந்து, தூக்கம் கெட்டு, குடிக்குப் போவது ஊர் அறிந்த வழி. அந்த நாட்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். பூட்டுள்ள பெட்டியில், வேறொருவர் கையில் சாவியோடு இருக்கட்டும். ‘வாங்கண்ணே, நம்ம வயலைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்’ என்று ஒருவர் வந்து கூப்பிட்டால் போதும், பல பேர் எழுந்துவிடுவார்கள். அப்படிக் கூப்பிடுகிற ஆளாக நீங்கள் இருங்கள். தாங்க முடியாத நினைப்பு வந்தால் 104 அல்லது டெலி மானஸ் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. மனசுக்குப் பாரமாக இருக்கிறபோது கணக்கு நோட்டைத் திறக்க வேண்டாம். பொங்கல் கழித்து, தலை தெளிந்தபின் திறந்து பாருங்கள்.

அந்த நோட்டில் என்ன எழுதுவது? பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு போதும், ஒரு போகத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் நடந்தது: விதைத்த தேதி, நாற்றின் வயது, நட்ட தேதி, சதுரத்தில் எண்ணிய குத்து, உரம் போட்ட தேதி, தண்ணீர் நின்ற நாட்கள், ஆழம், மூட்டை. வலது பக்கம் நட்டத்தின் கூறுகள்: மழைக்குப் போனது எத்தனை, நம் கைக்குப் போனது எத்தனை, அடுத்த போகத்தில் மாற்றப்போகிற இரண்டு விஷயம். வருத்தம், கோபம், யார் ஏமாற்றினார் என்பதெல்லாம் எழுதலாம், தடை இல்லை, ஆனால் பின்பக்கம்.

தண்ணீர் ஆழத்துக்கு ஒரு குச்சி நடுங்கள். ஐந்தடி மூங்கிலை எடுத்து, ஒரு முனையிலிருந்து ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும்படி அடையாளம் போட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் பெயின்டில் ஒரு கோடு. பள்ளமான மூலையில் ஒன்று, மேட்டில் ஒன்று. ஆடிப் பெருக்கு முடிந்து நாற்று விடுகிற வாரத்திலேயே இதை நட்டுவிட வேண்டும், மழை தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. மழை நாளில் காலையும் மாலையும் எந்தக் கோடு வரை தண்ணீர் என்று பையனையோ பொண்ணையோ பார்த்து வரச் சொல்லி நோட்டில் குறியுங்கள். பள்ளக் குச்சியில் காலையில் நாலாவது கோட்டில் நின்ற தண்ணீர் மாலையில் மூன்றாவதுக்கு இறங்கினால் வடிகால் வேலை செய்கிறது. மழை விட்டும் கோடு அசையவில்லை என்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்வயல்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய நேரம் அது, இரவு என்றாலும்.